விடியற்காலை ஐந்து மணிக்கு இந்திராநகரில் ஒரு சூப்பர் பவுல்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பால் வரும் முன்பே, 2025 பிப்ரவரி 10 அன்று, அக்கா மகன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி இந்திராநகருக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு மாடி உணவகத்தில் சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை, பெரிய திரையில் காட்டினார்கள். தலைக்கு 1,200 ரூபாய், காலை உணவு உட்பட. பெயரைச் சொல்லி வம்பு வளர்க்க மாட்டேன்.

திரை அருமை. அதற்கு மட்டும் முழு மதிப்பெண். மறு ஒளிபரப்பில் ஆட்டக்காரரின் கால்விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. ஒரு காலத்தில் கபடி ஆடியவள், இப்போது பள்ளியில் கபடி சொல்லித்தருபவள். எனக்கு அதுதான் வேண்டும்.

நான் போனதே ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோவுக்காக. எதிரணியின் பந்தெறிபவரைப் பிடிக்க வழக்கமாக நான்கு பேர் பாய்வார்கள். ஐந்தாவது, ஆறாவது ஆளையும் அனுப்பினால் அது பிளிட்ஸ். அன்று அவர் ஒருமுறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. நால்வர் பாய, ஏழு பேர் பின்னால் காத்திருந்தார்கள். அந்த நால்வரே எதிரணியான கன்சாஸ் சிட்டியின் பந்தெறிபவர் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். பாடி வருகிறவளின் காலை அவசரப்பட்டுப் பிடிக்காதே, அவள் நேரம் கரையட்டும் என்று என் பெண்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறேன். அதையே 66 வயதுக்காரர் ஒருவர் உலகமே பார்க்கச் செய்து காட்டினார். இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 என்று முன்னிலை, முடிவில் 40-22 என்று வெற்றி.

ஆட்டம் நடந்தது நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில். 1986 முதல் 1994 வரை ஃபாஞ்சியோ உள்ளூர் செயின்ட்ஸ் அணியின் லைன்பேக்கர்களை, அதாவது தற்காப்பின் இரண்டாம் வரிசைக்காரர்களை, பயிற்றுவித்த அதே அரங்கம். 1992 பருவத்தில் அவருடைய நான்கு லைன்பேக்கர்களும் ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் தற்காப்புப் பயிற்சியாளராக வந்து 34-31 என்று சூப்பர் பவுலைத் தோற்றதும் அங்கேதான். நடுவில் டென்வர் அணியில் மூன்று பருவங்கள் தலைமைப் பயிற்சியாளர்: 19 வெற்றி, 30 தோல்வி, பிறகு பதவி நீக்கம். வென்ற அணிக்குக் கிடைக்கும் சூப்பர் பவுல் மோதிரம் அவருக்கு இதுதான் முதல்.

இதையெல்லாம் நிம்மதியாக அசைபோட விட்டார்களா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒலிபெருக்கியில் இசை. வர்ணனை ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. எங்களுக்குக் கொடுத்த மேசை தூணுக்குப் பின்னால், கெஞ்சித்தான் மாற்றினேன். காலை உணவு என்று வந்தது ஆறிப்போன உருளைக்கிழங்கும் ரொட்டியும். பெங்களூரில், அந்த நேரத்தில், ஃபில்டர் காபி இல்லையாம். இயந்திரக் காபிக்குத் தனியாக 180 ரூபாய் வேறு.

கடைசியில் வினாடி வினா. ஈகிள்ஸ் வெற்றிக்கு மூளையாக இருந்த பயிற்சியாளர் யார் என்று கேட்டார்கள். நான் எழுந்து "ஃபாஞ்சியோ" என்றேன். தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "தவறு அம்மா, சிரியானி" என்றார். சிரியானி தலைமைப் பயிற்சியாளர்தான், மறுக்கவில்லை. பரிசுக் கோப்பை பக்கத்து மேசைக்குப் போனது. நான் இரண்டாம் பாடவேளைக்குத்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.