1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை: பதினோரு மாதம் சாப்பிட்டுப் பார்த்ததில்

நான் தையல் வேலை செய்கிறவள். மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டேன். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், தெரிந்துவிடும். போன வருஷம் ஒரு நாள் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி நின்றது. வலிக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் குத்தியதே தெரிந்தது.

அதற்குப் பல மாதம் முன்பே பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மெஷினில் உட்கார்ந்தே இருப்பதால் என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டேன். ஊசி குத்திய மறுநாள் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு ஒரு மில்லிக்கு 104 பிகோகிராம் என்று வந்தது. பொதுவாக 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். முதல் சில வாரம் ஊசி போட்டார்கள், பிறகு தினம் ஒரு மாத்திரை. நான் எழுதுவது அந்த மாத்திரையைப் பற்றி.

பிறந்ததிலிருந்து நான் சைவம். சைவச் சாப்பாட்டில் எல்லாச் சத்தும் இருக்கிறது, சுத்தமாகச் சாப்பிடுகிற நமக்கு ஒன்றும் வராது என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என் விரலைக் காவு வாங்கப் பார்த்தது. அதனால் மாத்திரையை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

முதலில் நான் வாங்கியது இதுவே இல்லை. கால் மரத்துப்போவதைக் கேள்விப்பட்ட ஒருவர் பி12 குறைவாக இருக்கலாம் என்றார். ‘செடியிலிருந்தே பி12’ என்று பெரிதாகப் போட்ட ஸ்பைருலினா பொடி டப்பா ஒன்றை வாங்கினேன். சுருள்பாசிதான். ஐந்து மாதம் தண்ணீரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அந்த ஐந்து மாதமும் நரம்பு கெட்டுக்கொண்டே இருந்தது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரியே உருவம் கொண்ட வேறு பொருள். மனித உடம்பு அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. நுண்ணுயிரை வளர்த்து அளக்கும் பழைய சோதனை முறையில் இந்தப் போலியும் பி12 என்றே கணக்கில் வந்துவிடும். டப்பாவில் அச்சடித்த எண்ணை நம்பி ஏமாறுவது இப்படித்தான். அந்தப் பொடிக்கு நான் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டேன். குறைபாடு இருக்கிற ஒருவரை மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் அது உட்கார வைத்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மருந்தியல் படிக்கிற என் அண்ணன் மகள். “அத்தை, செடி எதுவும் பி12 செய்யாது. அதைச் செய்யத் தெரிந்தது நுண்ணுயிர் மட்டும்தான்” என்றாள். எனக்கு உடனே கேட்கத் தோன்றியது, மாடு புல்தானே தின்கிறது, அதற்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறது. புல்லோடு போகிற கோபால்ட்டை வைத்து அவை பி12 செய்கின்றன, மாடு அதைக் குடலில் உறிஞ்சிக்கொள்கிறது. நம் பெருங்குடலிலும் பாக்டீரியா செய்யத்தான் செய்கிறது. ஆனால் நாம் பி12 உறிஞ்சுகிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. செய்கிற இடம் அதற்கும் கீழே இருப்பதால் நமக்குப் பயன்படாமல் வெளியே போய்விடுகிறது. இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த தெளிவு, அத்தனை வருஷம் கேட்ட அறிவுரை எதிலும் வந்ததில்லை.

சரி, நாற்பது வருஷம் ஒன்றும் ஆகாமல் இப்போது மட்டும் ஏன்? பால்தான் காரணம். நூறு மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 0.4 மைக்ரோகிராம் பி12 இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 போதும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. முன்பெல்லாம் தினம் அரை லிட்டருக்குக் குறையாமல் பாலும் தயிருமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன் அடியோடு நிறுத்தினேன். கல்லீரல் வருஷக்கணக்கில் தாங்கும் அளவுக்குப் பி12 சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். நிறுத்திய மறு மாதமே கை மரத்திருந்தால் நானே காரணத்தைப் பிடித்திருப்பேன்.

ஊசி குத்துவதற்கு முந்தின வருஷம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12.8. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள், நானும் சந்தோஷமாக வந்தேன். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அது பி12 குறைவால் வரவேண்டிய ரத்தசோகையை வெளியே தெரியாமல் மூடிவிடலாம். நரம்பை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. ஆகவே பால்கூடச் சேர்க்காத சைவர்கள் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பி12 தனியாகப் பாருங்கள் என்று கேளுங்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன்பே கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும்.

இனி மாத்திரை. சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும். இரண்டாக உடைத்தால் உள்ளே வெளிர் ரோஜா நிறம். சாயம் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பி12 மூலக்கூறின் நடுவில் கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சத்தின் சொந்த நிறமே சிவப்புதான். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. லேசான இனிப்பு, நாக்கில் ஒட்டாது. நாக்குக்கு அடியில் வைத்தால்தான் வேலை செய்யும் என்று குப்பியில் இருக்கிறது. விழுங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் போட்டிருக்க வேண்டியதே இல்லை.

1000 என்ற எண்ணைப் பார்த்து என் வாடிக்கையாளர் ஒருவர் பயந்துவிட்டார். 2.4 போதும் என்றால் இது நானூறு மடங்கு ஆயிற்றே என்றார். நியாயமான பயம். ஆனால் பெரும்பாலும் வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் பி12 உள்ளே போகும். அந்தப் புரதத்தால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் தூக்க முடியும். மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு தானாகக் கசிந்து போகும். ஆக ஆயிரத்தில் உடம்புக்குள் சேர்வது பத்துப் பன்னிரண்டு மைக்ரோகிராம். தேவைக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்தது சிறுநீரில் போய்விடும். குறைபாடு இல்லாத, பாலும் முட்டையும் தொடாத ஒருவருக்கு இவ்வளவு வேண்டாம். தினம் 10 மைக்ரோகிராம், இல்லையென்றால் வாரம் ஒருமுறை 2000 என்று பிரிட்டனின் வீகன் சங்கம் சொல்கிறது. 1944ல் தொடங்கிய சங்கம் அது, இந்த விஷயத்தில் மழுப்பாமல் பேசுகிறவர்கள்.

மாத்திரை சைவமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: பி12 தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கப்படுகிறது, விலங்கிலிருந்து அல்ல. பார்க்க வேண்டியது கூடச் சேர்க்கும் பொருள்களை. கேப்ஸ்யூலாக இருந்தால் உறை ஜெலட்டினாக இருக்கலாம், அது எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது. நான் வாங்கியது வெறும் மாத்திரை, ஆனால் அதில் மெக்னீசியம் ஸ்டியரேட் உண்டு. அது விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். குப்பியில் விவரம் இல்லை. எழுதிக் கேட்டேன், நான்கு நாளில் தாவர மூலம்தான் என்று பதில் வந்தது. அதை லேபிளிலேயே போட்டிருக்கலாம்.

1920களின் பிற்பகுதியில், பி12ஐ உறிஞ்ச முடியாமல் வரும் கடும் ரத்தசோகைக்குப் பலன் தந்த வைத்தியம் தினம் கால் கிலோ ஈரல். அதைக் கண்டவர்களுக்கு 1934ல் நோபல் பரிசு கிடைத்தது. சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948ல். அதற்கு முன்னால் எனக்கு இது வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இந்த ரோஜா நிற மாத்திரை மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை இருக்கிறது.

குறை என்றால் மூடி. அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். குழந்தைகளுக்காக அப்படி வைத்திருப்பது புரிகிறது. ஆனால் பி12 குறைந்தவர்கள் பலருக்குப் போவதே கை கால் உணர்ச்சி. முதல் இரண்டு மாதம் என் கணவர்தான் திறந்து கொடுத்தார். இன்னொன்று, ‘உடனடி சக்தி தரும்’ என்று முன்பக்கம் போட்டிருப்பது. குறைபாடு இருப்பவருக்குச் சோர்வு போகும். குறைபாடு இல்லாதவர் சாப்பிட்டால் எந்தச் சக்தியும் கூடிவிடாது.

என் அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் “அதான் சைவம் ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்” என்றார். மனசு வலித்தது. குறை ஒரே ஒரு சத்தில், அதற்காகச் சாப்பாட்டு முறையையே குற்றவாளி ஆக்குகிறார்கள். புரதம் பருப்பிலும் சோயாவிலும் கடலையிலும் போதுமான அளவு கிடைக்கிறது. ஒவ்வொரு வேளையும் தானியத்தையும் பருப்பையும் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்ற பழைய விதியும் இன்று இல்லை, ஒரு நாள் முழுதுக்குமாகக் கலந்து வந்தால் போதும். இரும்புக்கு நான் செய்த மாற்றம் ஒன்றுதான்: சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை விட்டேன், எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன். அண்ணன் மூன்று வேளையும் கறி சாப்பிடுகிறவர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறார். அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும், வயது ஏற ஏற வயிற்று அமிலம் குறைவதும் குறைக்கும். அவர் மகள் கட்டாயப்படுத்தி அவருக்கும் ரத்தம் பார்த்தாள். 187. இப்போது டாக்டர் சொல்லி அவரும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார்.

நாலாவது மாதம் என் அளவு 460க்கு வந்தது. விரல் நுனி அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் சூடு தெரிந்தது, பிறகு ஊசி முனை, கடைசியாகத் துணியின் இழை. பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் கை சொன்ன அன்று கடையிலேயே அழுதுவிட்டேன். மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை, மூடிக்காக அரை குறைத்தேன்.

இடது கால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. அது திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குப்பியில் இன்னும் இருபத்திரண்டு மாத்திரை இருக்கிறது, அடுத்த குப்பியும் வாங்கி வைத்துவிட்டேன்.