கோனிக் போர்க்கப்பல் மாடல் கிட்: கட்டி முடிச்சவன் சொல்றேன்

கார்த்திகை மழைல ஆரம்பிச்சது, பொங்கலுக்கு முந்தின வாரம் தான் முடிஞ்சுது. முதல் உலகப்போர் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்கோட பிளாஸ்டிக் கிட், 350ல ஒரு பங்கு ஸ்கேல். நெஜக் கப்பல் 175 மீட்டர், அதனால இது கட்டி முடிச்சா அரை மீட்டர் நீளம் வரும். எங்க மயிலாப்பூர் வீட்டு ஷோகேஸ்ல நுழையல, செவுத்துல தனியா பலகை அடிச்சு வெச்சிருக்கேன், எடம் அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆச்சு.

பீரங்கி டரட், அதாவது பீரங்கியோட சேர்ந்து திரும்பற கவசக் கூண்டு, அஞ்சும் பிரமாதம். நெஜக் கப்பல்ல ஒவ்வொண்ணுலயும் 30.5 சென்டிமீட்டர் வாய் அகலப் பீரங்கி ரெண்டு, அஞ்சு டரட்டும் கப்பலோட நடுக்கோட்டுலயே வரிசையா நிக்கறதால பத்து பீரங்கியும் ஒரே பக்கம் திரும்பி சுடலாம். கிட்ல அடில பசை போடாம விட்டீங்கன்னா கையாலயே திருப்பலாம். ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன எங்கப்பா பக்கத்துல வந்து உக்காந்து, "மெட்ராஸ்ல குண்டு போட்ட எம்டன் இதானாடா?"ன்னு கேட்டார். இல்லப்பா, அது சின்ன க்ரூசர், இதே ஸ்கேல்ல செஞ்சா 34 சென்டிமீட்டர் தான் வரும்னேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம ஆயில் டேங்க்கை எரிய விட்ட எம்டனோட குண்டு ஒண்ணு சுமார் 17 கிலோ, கோனிக் குண்டு 405 கிலோ. அப்பா ஒண்ணும் பேசல, ரொம்ப நேரம் விரலால டரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார்.

இப்ப குறை. கப்பலோட மேல்பாதியும் அடிப்பாதியும் ஒழுங்கா சேரல, நடுவுல நகக்கண் நுழையற அளவுக்கு இடைவெளி, புட்டி வெச்சு மூணு நாள் தேச்சேன். பக்கவாட்டுல டார்பிடோ வலையை (தண்ணிக்குள்ள வர்ற டார்பிடோ குண்டைத் தடுக்கற வலை) தாங்கற கம்பிங்க தீக்குச்சியை விட மெலிசு, ரெண்டு வெட்டும்போதே போச்சு. மழை நாள்ல ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீங்க, ஈரக்காத்துல வெள்ளை பூத்துடும், எனக்கு டெக் ஃபுல்லா திரும்ப அடிக்க வேண்டியதாச்சு.

ஆனா எனக்கு மனசு ஆறாதது கூட வந்த பேப்பர் தான். கப்பல் வரலாறுன்னு நாலு வரி, அதுல சண்டைல மூழ்கினதா போட்டிருக்கு. தப்பு. 1914 ஆகஸ்ட்ல சேவைக்கு வந்த கப்பல் இது, 1916 மே 31 பிரிட்டிஷ் கடற்படையோட நடந்த ஜட்லாண்ட் சண்டைல ஜெர்மன் வரிசைக்கே முன்னாடி போய் பத்து பெரிய குண்டு வாங்குச்சு, 45 பேர் செத்தாங்க, கப்பல்ல இருந்த அட்மிரல் பெங்க்கேவுக்கும் காயம், 1,600 டன் தண்ணி உள்ள ஏறியும் அது மூழ்கல, வீடு திரும்பி ஜூலைக்குள்ள ரிப்பேர் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் தான் அந்த வலையெல்லாம் கழட்டினாங்க, அதனால கிட்ல இருக்கற மாதிரியே கட்டினா ஜட்லாண்ட் காலத்துக் கப்பல்னு வெச்சுக்கோங்க. 1917 அக்டோபர்ல பால்டிக் கடல்ல ரஷ்யாவோட ஸ்லாவா போர்க்கப்பலை அடிச்சுது, உள்ள ஏறின தண்ணியால ஸ்லாவா கால்வாயைத் தாண்ட முடியாமப் போய் ரஷ்யாக்காரங்களே அதை விட்டுட்டாங்க.

கோனிக்கை எதிரி மூழ்கடிக்கவே இல்லை. போர் நின்னப்புறம் ஸ்காட்லாந்து பக்கம் ஸ்கபா ஃப்ளோல ஜெர்மன் கப்பலுங்களைக் காவல்ல வெச்சிருந்தாங்க. 1919 ஜூன் 21, பிரிட்டிஷ் கப்பலுங்க காலைல பயிற்சிக்குக் கெளம்பிப் போன நேரம் பார்த்து ஜெர்மன் அட்மிரல் ராய்ட்டர் சிக்னல் குடுத்தார், கப்பலுங்க எதிரி கைக்குப் போயிடக் கூடாதுன்னு மாலுமிங்களே வால்வைத் தொறந்து விட்டாங்க. அங்க இருந்த 74ல 52 கப்பல் போச்சு, கோனிக் மதியம் 2 மணிக்கு. அந்த ஆளுங்க கை நடுங்கிருக்கும்னு நான் நினைக்கறேன், ஜட்லாண்ட்ல காப்பாத்திக் கொண்டு வந்த கப்பல் இல்லையா.

மேல எடை ஜாஸ்தி, அதனால கவுந்து தான் எறங்குச்சு, இன்னிக்கும் கடலடில தலைகீழா தான் கெடக்குது. டைவர்ங்க எறங்கினா முதல்ல பார்க்கறது அடிப்பாகத்தைத் தான், இந்தக் கம்பெனி எதை ஏனோதானோன்னு வார்த்துக் குடுத்திருக்கோ அதே அடிப்பாகம். ஷோகேஸ்ல வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு விட்டுடாதீங்க, 400 நம்பர் உப்புத்தாள் வாங்கி நல்லா தேய்ங்க.