கேம்பியம் காணாமல் போன பிபிடி: ஐந்து வருடமாக ஸ்லைடுகளின் எடையைக் குறைத்துவரும் அனுபவம்

2020 ஊரடங்கில் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலுக்கு நான் தயாரித்த முதல் பிபிடி 40 ஸ்லைடு, 148 எம்பி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிப் பார்த்தேன், ஏறவில்லை. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலுக்கு 100 எம்பிதான் எல்லை. 2 ஜிபி ஆனது 2022இல். ஜிமெயிலில் இணைக்கலாம் என்றால் அங்கே 25 எம்பி. டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினேன். மறுநாள் திறந்து பார்த்திருந்தவர்கள் நான்கே பேர்.

மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. பல வீடுகளில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா, அதில் அண்ணன் தங்கை இருவருக்கும் எல்லாப் பாடமும் நடக்க வேண்டும். என் ஒரு பாடம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தின்னப் பார்த்தது. அன்றிலிருந்து ஃபைலின் எடையைக் குறைக்கும் இந்த வேலையை நான் பாடம் தயாரிப்பதில் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜிப் போட்டேன். 148 என்பது 146 ஆனது. காரணம் பிறகுதான் புரிந்தது: பிபிடிஎக்ஸ் ஃபைலே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். ஆபீஸ் 2007இல் இந்த வடிவம் வந்ததிலிருந்தே அப்படி. ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடிப்பதால் பெட்டியில் இடம் மிச்சமாகாது.

ஆனால் இது ஜிப் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய உதவியாக அமைந்தது. பிபிடியை ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் பெயர்க் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே 'பிபிடி' என்ற ஃபோல்டர், அதற்குள் 'மீடியா'. நீங்கள் சேர்த்த ஒவ்வொரு படமும் வீடியோவும் அங்கே தனித்தனியாக இருக்கும். அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள், யார் கனம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னுடையதில் அவரை விதை முளைக்கும் 30 விநாடி வீடியோ ஒன்றே 62 எம்பி. போனில் எடுத்த 13 புகைப்படங்கள் சேர்ந்து 52. பிஎன்ஜியாகச் சேமித்திருந்த இரண்டு புகைப்படங்கள் 28. நான் இரவெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்த தமிழ் எழுத்து மொத்தமும் ஒரு எம்பிகூட இல்லை. ஐந்து வருடத்தில் எத்தனையோ வழிகளைப் பார்த்துவிட்டேன், ஆனால் இன்றும் முதல் வேலை இதுதான். கனம் எங்கே என்று தெரியாமல் கை வைப்பதில்லை.

இனி படங்கள். இங்கேதான் நான் சூடுபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படத்தைத் தேர்ந்தெடுத்தால் மேலே வரும் 'பிக்சர் ஃபார்மட்'டில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' இருக்கிறது. 330, 220, 150, 96 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) என்று தேர்வுகள் வரும். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக் தானாகவே விழுந்திருக்கும். அதை எடுத்தால்தான் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். முதல் மூன்று முறை இதைக் கவனிக்காமல் 'ஒன்றுமே குறையவில்லையே' என்று தவித்தேன். பிறகு டிக்கை எடுத்துவிட்டு, குறைவது முக்கியம் என்று 96ஐக் கொடுத்தேன். நன்றாகவே குறைந்தது. மகிழ்ச்சியோடு அனுப்பினேன்.

ஒரு மாணவி கேட்டாள், "மிஸ், கேம்பியம் எங்க இருக்கு?"

சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு அது. நுண்ணோக்கியின் கண்ணருகே போனை வைத்து நானே எடுத்த படம். இருவிதையிலைத் தண்டின் வாஸ்குலக் கற்றையில், நீரைக் கடத்தும் சைலத்துக்கும் உணவைக் கடத்தும் ஃபுளோயத்துக்கும் நடுவே, புதிய செல்களை உருவாக்கும் கேம்பியம் மெல்லிய பட்டையாகத் தெரிய வேண்டும். மக்காச்சோளத் தண்டில் அது கிடையாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 96இல் அந்தப் பட்டை கரைந்து இரண்டு கற்றையும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பாடத்தையே அழித்துவிட்டு எடையைக் குறைத்திருக்கிறேன் என்று அன்றிரவு மனது மிகவும் சங்கடப்பட்டது.

அதன்பின் கற்றது இது. பிபிஐ கணக்கு, படம் ஸ்லைடில் எத்தனை அங்குலம் பிடித்திருக்கிறது என்பதை வைத்துத்தான். 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். முழு ஸ்லைடையும் நிரப்பும் படத்துக்கு 150 கொடுத்தால் 2000 பிக்சல் அகலம் மிஞ்சும். ஃபுல் எச்டி புரொஜெக்டர் காட்டுவதே 1920 என்பதால் அது தாராளம். ஆனால் அதே படத்தை மூலையில் மூன்று அங்குலத்துக்கு வைத்திருந்தால் 450 பிக்சல்தான் மிஞ்சும். ஆக, வரிசை முக்கியம். முதலில் தேவையான பகுதிக்கு வெட்டுவேன். நுண்ணோக்கிப் படத்தில் வட்டத்தைச் சுற்றியுள்ள கறுப்பு எதற்கு? பிறகு வெட்டியதை ஸ்லைடில் பெரிதாக்குவேன். கடைசியில்தான் கம்ப்ரஸ். நுண்ணோக்கிப் படங்களுக்கு ஒவ்வொன்றாக 220, வயல், பூ, இலை போன்ற மற்றவற்றுக்கு 150. 96ஐ நான் தொடுவதே இல்லை.

பிஎன்ஜி பற்றி ஒரு வார்த்தை. கோட்டுப்படம், பெயர் குறித்த வரைபடம் இவற்றுக்கு பிஎன்ஜிதான் சரி, ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். புகைப்படத்துக்கு ஜேபெக். தவறி பிஎன்ஜியாக வந்த புகைப்படத்தைப் பெயின்ட்டில் திறந்து ஜேபெக்காகச் சேமித்து, ஸ்லைடில் அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் பிக்சர்' கொடுத்தால் இடம் மாறாமல் உட்கார்ந்துகொள்ளும்.

அதே கம்ப்ரஸ் பெட்டியில் 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்றும் ஒன்று உண்டு. அதைக் கொடுக்காதவரை நீங்கள் வெட்டியது வெட்டியதே அல்ல, மறைத்ததுதான். வாங்குபவர் மீண்டும் இழுத்துப் பார்க்க முடியும். எடையைவிட இது பெரிய விஷயம். இதற்கு அண்ணன் மாதிரி ஒன்று: எக்செல்லிலிருந்து ஒட்டும் வரைபடம். ஒட்டும் விதத்தைப் பொறுத்து முழு ஒர்க்புக்கும் பிபிடிக்குள் வந்துவிடும். பெற்றோர் கூட்டத்துக்காக நான் போட்டிருந்த தேர்ச்சி விகித வரைபடத்தைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், "டீச்சர், இதுக்குள்ள இருந்து மார்க் லிஸ்ட் முழுசும் திறக்குதே" என்றார். நல்லவேளை, அது குழுவுக்குப் போகுமுன் சொன்னார். இப்போது வரைபடத்தைப் படமாக மட்டுமே ஒட்டுகிறேன். ஃபைலும் இளைக்கிறது, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் வெளியே போகாது. ஆன்லைனில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்களை நான் தவிர்ப்பதும் இதனால்தான். யாருடைய சர்வரில் நம் பிள்ளைகளின் பெயரும் படமும் போய் உட்காரும்?

வீடியோவுக்கு 'ஃபைல்', 'இன்ஃபோ' போனால் 'கம்ப்ரஸ் மீடியா' இருக்கிறது: 1080பி, 720பி, 480பி. போனில் பார்ப்பவருக்கு 480பி போதும். என் 62 எம்பி வீடியோ 4 எம்பிக்கு வந்தது. விதை முளைப்பது அப்படியே தெரிகிறது.

எழுத்துருவைப் பொறுத்தவரை, பாமினியில் தட்டிய பழைய பாடங்களை யூனிகோடுக்கு மாற்றியதுதான் நான் செய்த நல்ல காரியம். பாமினி என்றால் அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஆகவே எழுத்துருவையும் உள்ளே பொதிய வேண்டியிருந்தது. யூனிகோடில் நிர்மலா, லதா போன்ற எழுத்துருக்கள் இல்லாவிட்டாலும் போன் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவில் காட்டிவிடும். பொதிய வேண்டாம். ஒரு பயிற்சி முகாமில் கிடைத்த டெம்ப்ளேட்டின் ஸ்லைடு மாஸ்டரில் (எல்லா ஸ்லைடுக்கும் அடிப்படையான அமைப்பு), நான் பயன்படுத்தாத லேஅவுட்களிலும் பின்னணிப் படங்கள் இருந்தன, அவற்றையும் நீக்கினேன். பயன்பாட்டில் உள்ள லேஅவுட்டை அது நீக்க விடாது என்பதால் பயமில்லை. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இம்ப்ரெஸில் 'மினிமைஸ் பிரசன்டேஷன்' என்று படம், மாஸ்டர், மறைத்த ஸ்லைடு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் கேட்டுச் செய்யும் வசதி இருக்கிறது. பள்ளிக் கணினியில் அதைத்தான் பயன்படுத்துகிறேன், பிடித்திருக்கிறது.

அந்த 148 கடைசியில் 11 எம்பி ஆனது. மூலக் கோப்பை மட்டும் அழிப்பதில்லை. சுருக்கிச் சேமித்து மூடிவிட்டால் போன பிக்சல் திரும்பாது. 'மூலம்' ஒரு ஃபோல்டர், 'அனுப்ப' ஒரு ஃபோல்டர். சுருக்கியதையே எடுத்து அடுத்த வருடம் மறுபடி சுருக்கி, படங்கள் மங்கிப்போன அனுபவமும் எனக்கு உண்டு.

இந்த வருடம் இன்னும் எளிதாக்கிக்கொண்டேன். வகுப்பறைக்கு பிபிடி, பிள்ளைகளின் போனுக்கு பிடிஎஃப். அனிமேஷன் போய்விடும், வீடியோ ஓடாது; ஆகவே வீடியோவைத் தனியாக அனுப்பிவிடுகிறேன், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் ஆக்கும்போது 'மினிமம் சைஸ்' என்ற தேர்வு கண்ணை இழுக்கும். தண்டு, வேர் பாடங்களுக்கு அதை எடுக்காமல் 'ஸ்டாண்டர்டு'தான் கொடுக்கிறேன். ஆறு எம்பி வருகிறது. அனுப்பும் முன் என் போனில் திறந்து, சூரியகாந்திப் படத்தை இரண்டு விரலால் விரித்து, அந்தப் பட்டை தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால்தான் குழுவுக்குப் போகும்.