ஏ-9 வீதியோர நாற்றுமேடை: ஒட்டுமாங்கன்றும் சொட்டுநீர்த் தொகுதியும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ-9 வீதியோரமாக இயங்கும் இந்த நாற்றுமேடையில் கறுத்தக்கொழும்பான், விலாட், அம்பலவி ஆகிய மாவினங்களின் ஒட்டுக்கன்றுகளையும் அவற்றுக்கான சொட்டுநீர்க் குழாய்த் தொகுதியையும் ஒரே இடத்தில் வாங்கலாம்.

கன்றுகளின் தரம் மனதாரப் பாராட்டத்தக்கது. விதையிலிருந்து வளர்த்த அடிக்கட்டையைப் பிளந்து, ஏறத்தாழ அதே தடிப்புள்ள ஒட்டுக்கிளையை ஆப்பு வடிவிற் சீவிச் செருகி, இரண்டின் மாறிழையங்களும் (பட்டைக்கு அடியிலுள்ள வளரும் மெல்லிய படை) ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்தும்படி நாடாவால் இறுகக் கட்டுகிறார்கள். நான் வாங்கிய கன்றுகளில் ஒட்டு இடைவெளியின்றிக் கூடியிருந்தது. விதைக்கன்றுக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்க, ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்குவது, வெறுங்காணியில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

சொட்டுநீர்த் தொகுதியில் எனக்கு நிறைவில்லை. எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால் சொட்டுவாய்கள் விரைவில் அடைபடுகின்றன. அழுக்கைத் தடுக்கும் வடிகட்டியைக்கூடத் தனியே கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை விற்கும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயினும் அங்குள்ள பணியாளர் தரும் ஆலோசனை மிகப் பயனுள்ளது: வளர்ந்த மரங்களுக்கு மாரி ஓய்ந்தபின் பூக்கும்வரை நீரைக் குறைத்து, பிஞ்சு பிடித்தபின் ஒழுங்காகப் பாய்ச்சும் முறையை அவர் பொறுமையாக விளக்கினார்.

வாங்கப் போகிறவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னரே சென்று, ஒட்டுக்குக் கீழே தளிர்விட்ட கன்றுகளைத் தவிர்த்துத் தெரிவுசெய்வது நல்லது. மழை தொடங்கியதும் நல்லவை முடிந்துவிடுகின்றன.