திருப்பூர்ல ஆபீஸ் இங்கிலீஷ் கிளாஸ், எட்டு ஞாயிறு போனேன், என் அனுபவம்

நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், நாள் முழுக்க ஃபாரின் பையருக்கு மெயில் போடறதுதான் வேலை. போன சீசன்ல லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க பையருக்கு அனுப்பற சாயம் போட்ட சின்ன துணி சாம்பிள்) அப்ரூவல் வராம டையிங் நின்னு போச்சு, அந்த டென்ஷன்ல பையருக்கு "ப்ளீஸ் ரிப்ளை இம்மீடியட்லி, ஒய் யூ ஆர் நாட் ரிப்ளையிங்"னு அடிச்சு அனுப்பிட்டேன். நான் மரியாதையாத்தான் கேட்டேன்னு நெனச்சேன், ப்ளீஸ் போட்டிருக்கேனே. ஆனா அந்த பையரம்மா எங்க எம்டிய சிசில வச்சு ரெண்டே வரில பதில் போட்டாங்க. எம்டி கூப்பிட்டு "என்னம்மா, பையர இப்படி அதட்டலாமா"ன்னு கேட்டப்போ ரொம்ப கஷ்டமா போச்சு, அதுக்கப்புறம்தான் இந்த கிளாஸ்ல சேர்ந்தேன். அவிநாசி ரோடு பக்கம், ஞாயித்துக்கிழமை காலைல 10ல இருந்து 1 வரைக்கும், மொத்தம் 8 கிளாஸ், ஃபீஸ் 4,500.

மொதல்ல மேடத்த பத்தி சொல்லணும், அவங்க கிராமர் ரூல்ல ஆரம்பிக்கவே இல்ல. போர்டுல "அனுப்புங்க"ன்னு தமிழ்ல எழுதிட்டு இதுல மரியாதை எங்க இருக்குன்னு கேட்டாங்க. எல்லாரும் "ங்க"ன்னு சொன்னோம். இங்கிலீஷ்ல இந்த "ங்க" கெடையாது, நீயும் நீங்களும் ஒரே யூ தான், அதனால "அனுப்புங்க"ள அப்படியே "சென்ட்"னு மாத்தினா "ங்க" வழில விழுந்துடுது, அவங்க காதுல "அனுப்பு"ன்னுதான் கேக்குது, முன்னாடி ப்ளீஸ் ஒட்டினாலும் ஆர்டர் ஆர்டர்தான்னு சொன்னாங்க. விழுந்த "ங்க"ள குட் (could), வுட்ட (would) வச்சுத்தான் திரும்ப கொண்டு வரணுமாம். பத்து வருஷமா மெயில் அடிக்கறேன், இத யாருமே எனக்கு இப்படி சொன்னதில்ல.

அப்புறம் நம்ம சொந்த மெயிலயே பிரிண்ட் எடுத்துட்டு வர சொல்லி (பையர் பேர அடிச்சுட்டு) அதயே திருத்தினாங்க. என்னோடது இப்படி ஆச்சு: "குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ் தி லேப் டிப் கமெண்ட்ஸ் பை தர்ஸ்டே? வீ நீட் தெம் டு ஸ்டார்ட் டையிங் ஆன் ஃப்ரைடே." இம்மீடியட்லிய தூக்கிட்டு தேதியும் காரணமும் போட்டோம், அவ்ளோதான், படிக்கறப்பவே வேற ஆள் எழுதின மாதிரி இருந்துச்சு. ஷிப்மென்ட் தேதி தள்ளி கேக்கறது மாதிரி பெரிய விஷயத்துக்கு "வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்"னு நீட்டணும், ஆனா பக்கத்து சீட்ல ஒரு ஃபைல் கேக்கறதுக்கு அத போடக்கூடாது, அது ஒட்டாது.

"வுட் யூ மைண்ட்" கிளாஸ் ரொம்ப முக்கியம். பின்னாடி சென்டிங்னு ஐஎன்ஜி வரணும்ங்கறது ஒண்ணு, அதவிட பதில் சொல்றதுலதான் எல்லாரும் மாட்டினோம், மைண்ட்னா ஆட்சேபணை, அதனால சரின்னு சொல்ல "நோ, நாட் அட் ஆல்"னுதான் சொல்லணும், நாங்க பாதிப்பேர் எஸ் எஸ்னு சொல்லிட்டிருந்தோம்.

"டூ தி நீட்ஃபுல்" (வேண்டியத செய்யுங்க) ஒரு காலத்துல பிரிட்டிஷ்காரங்களே எழுதினதுதானாம், இப்போ நம்ம ஊர்ல தங்கிடுச்சு, வெளிநாட்டுல படிக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னே புரியாது, அதனால என்ன வேணுமோ அத நேரா எழுதுங்கன்னாங்க. "ரிவர்ட்"ம் அப்படித்தான், நமக்கு பதில் போடறது, பல பேருக்கு பழைய நிலைக்கு திரும்பறது.

கொறைன்னு பாத்தா, 12 பேர் பேட்ச்னு சொல்லி காசு வாங்கிட்டு 30 பேர உக்கார வச்சாங்க, இது தப்பு, கடைசி மூணு வாரம் என் மெயிலுக்கு டர்னே வரல. குடுத்த ஜெராக்ஸ் புக்குல இன்னும் "ரெஸ்பெக்டட் சர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி"ன்னு ஸ்கூல் லீவ் லெட்டர்தான் இருக்கு, மேடம் நடத்தறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அவங்களே அத தெறக்க வேணாம்னுட்டாங்க. போன்ல கேக்கறதுக்கு ஒரே ஒரு கிளாஸ்தான், எங்களுக்கு வீடியோ கால்தான் பெரிய பயம், அங்க எழுதி பாத்து திருத்த டைம் இருக்காது, அதுக்கு நாலு கிளாஸாவது வேணும்.

மெயில் வேலைல இருக்கற அக்கா தங்கச்சிங்க, டாக்குமென்டேஷன் பாக்கற பசங்க தாராளமா சேரலாம், பேசிப் பழகணும்னு வர்றவங்களுக்கு இது பத்தாது. சேர்றதுக்கு முன்னாடி பேட்ச்ல எத்தன பேர்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, அதே மேடம்தான் எடுக்கறாங்களான்னும் கேளுங்க. போன வாரம் அதே பையருக்கு சைஸ் செட் (எல்லா சைஸ்லயும் தைச்சு அனுப்பற சாம்பிள்) கமெண்ட்ஸ் கேட்டு புது மாதிரி மெயில் போட்டேன், மறுநாள் காலைலயே வந்துடுச்சு, இந்த தடவ சிசில எம்டி இல்ல.