மருந்துக் கடை ஸ்டாக் ஷீட்டும் மூன்று ரூலும்: கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அனுபவம்

எங்கள் மருந்துக் கடையில் பில் போடத் தனி சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் எந்த பேட்ச் எப்போது காலாவதியாகிறது, எதைத் திருப்பி அனுப்ப வேண்டும், எது தீரப்போகிறது என்பதையெல்லாம் நான் பார்ப்பது ஒரு எக்செல் ஷீட்டில்தான். அதில் பல வருடமாகக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது; அதாவது நாம் போடும் நிபந்தனை (ரூல்) பொருந்தினால் கட்டத்தின் நிறமோ எழுத்தோ தானாக மாறும் வசதி. எக்செல் 2003 வரை ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைதான் போட முடியும். 2007-இல் அந்தக் கட்டுப்பாடு போய், கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் எல்லாம் வந்தன. என்னைக் கேட்டால் பழைய மூன்றே தாராளம். என் ஷீட்டிலும் மூன்றுதான்.

பார்க்க அழகாக இருப்பது, எண் பெரிதா சிறிதா என்பதை வைத்து நிறம் தரும் கலர் ஸ்கேல். ஸ்டாக் கணக்குக்கு அது சரிப்படாது. பாராசிட்டமால் இரண்டாயிரம் மாத்திரை இருக்கும், இன்சுலின் ஆறு குப்பி இருக்கும். ஸ்கேல் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்சுலினை எப்போதும் சிவப்பிலேயே வைத்திருக்கும். ஆறு குப்பி எங்களுக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு என்று பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன். இருப்பு அதைவிடக் குறைந்தால் எண் தடித்த எழுத்தாக மாறும். அவ்வளவுதான், நிறமே கிடையாது.

நிறம் காலாவதிக்கு மட்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மருந்து அட்டையில் பெரும்பாலும் மாதமும் வருடமும்தான் இருக்கும். 03/2026 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த மருந்து மார்ச் 31 வரை செல்லும். நேரடியாக இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபங்ஷனோடு ஒப்பிட்டால் விற்கக்கூடிய சரக்கு ஒரு மாதம் முன்பே காலாவதி நிறத்துக்குப் போய்விடும். ஈஓமந்த் ஃபங்ஷனுக்குள் அந்தத் தேதியையும் பூஜ்யத்தையும் கொடுத்தால் மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். அந்த நாள் இன்றைய தேதிக்கு முந்தையது என்றால் காலாவதி; இன்றிலிருந்து 90 நாளுக்குள் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்ப வேண்டியது. ரூல்களெல்லாம் பட்டியலாக இருக்கும் மேனேஜ் ரூல்ஸில் காலாவதி ரூல் மேலே இருக்க வேண்டும். இரண்டும் மோதினால் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். நெடுவரிசை எழுத்துக்கு முன்னால் மட்டும் டாலர் குறி போட்டால் தேதிக் கட்டத்தோடு நிற்காமல் அந்த வரிசை முழுக்க நிறம் வரும். மருந்துப் பெயரும் சேர்ந்து நிறம் மாறுவதால் கண்ணில் படாமல் போகாது.

காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால், கீழே சரக்கே ஏறாத வரிசைகளும் காலாவதி நிறத்தில் நிற்கும். கட்டம் காலியாக இல்லை என்பதையும் நிபந்தனையில் சேர்த்துவிட்டால் சரி. எனக்கு அதைவிடப் பயம் நிறம் வராமல் போவதுதான். வெளியிலிருந்து வரும் ஃபைலில் எண்கள் சில நேரம் எழுத்தாக வந்துவிடும். எழுத்தாக இருக்கும் 8-ஐ எக்செல் எந்த எண்ணைவிடவும் பெரியதாகவே கருதும். அந்த மருந்து தீரும் நிலைக்கு வந்தாலும் ரூல் வாயே திறக்காது. எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

நாள்பட ஆளைப் படுத்துவது காப்பி-பேஸ்ட். நடுவில் ஒரு வரிசையை ஒட்டினால் அதன் ரூலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து மேனேஜ் ரூல்ஸைத் திறந்தால் ஒரே ரூல் துண்டுதுண்டாகச் சிதறி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எல்லையோடு நிற்கும். மதிப்பை மட்டும் ஒட்டும் பேஸ்ட் வேல்யூஸைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஷீட்டை டேபிளாக மாற்றிவிட்டால் புதிய வரிசைகளுக்கு ரூல் தானாக நீளும். அப்படியும் கணக்கு வருடம் முடியும்போது எல்லா ரூலையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என் வழக்கம். மூன்றே ரூல் என்பதால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நிறத்தேர்வில் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் உதவிக்கு இருக்கும் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் காலாவதிக்கு ஆரஞ்சு, திருப்ப வேண்டியதற்கு வெளிர்நீலம். கறுப்பு-வெள்ளை பிரிண்டரில் இரண்டும் சாம்பலாகிவிடுவதால், கடைசியில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை வைத்து ‘காலாவதி’, ‘திருப்பு’ என்று ஃபார்முலாவாலேயே எழுத வைத்திருக்கிறேன். நிறத்தை வைத்து ஃபில்டர் செய்ய முடியும், ஆனால் நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் கவுண்ட்இஃப் ஃபங்ஷன் நிறத்தை எண்ணாது. எத்தனை பேட்ச் திருப்ப வேண்டும் என்ற கணக்கும் இந்த நெடுவரிசையிலிருந்தே கிடைக்கிறது.

இதே ஷீட்டை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி போனிலும் பார்க்கிறேன், ரூல்கள் அப்படியே வருகின்றன. குறைந்தபட்ச இருப்பை வேறு ஷீட்டில் வைத்திருப்பவர்கள் மட்டும் அங்கே, கட்டத்தின் முகவரியை எழுத்தாக வாங்கிக்கொள்ளும் இன்டைரக்ட் ஃபங்ஷன் வழியாகத்தான் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.