பழைய ராலே சைக்கிள்: இருக்கும் பெயின்ட்டைக் காப்பதா, சுரண்டிப் புதிதாக அடிப்பதா?

பழைய சைக்கிளை மீட்டெடுக்க உட்காரும் எவரும் முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியது அதன் பெயின்ட்டைப் பற்றித்தான். டயரைத் தவறாக வாங்கிவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சீட்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம், ஸ்போக்ஸ் கம்பியை எப்போது வேண்டுமானாலும் புதிதாகக் கோக்கலாம். ஆனால் 1950-களில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து ராலே தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய கறுப்பு எனாமலை ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டால், அதே பூச்சை அதே வண்டிக்குத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது. இருக்கிற பூச்சைத் துலக்கிக் காப்பது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது, தூளை உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் கொடுப்பது என்று மூன்று வழிகள் இன்று நம் முன் இருக்கின்றன. வார நாட்களின் இரவுகளில் 1/24 அளவில் பிளாஸ்டிக் மாடல் கார்களைக் கட்டுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவதுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இம்மூன்றையும் நானே செய்தும் பிறரைக் கொண்டு செய்வித்தும் பார்த்த அனுபவத்திலிருந்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக என் பெரியப்பா ஓட்டிய ராலே சைக்கிளைச் சொல்கிறேன். கம்பி பிரேக்கும் 28 அங்குலச் சக்கரங்களும் கொண்ட அந்த வண்டிக்கு, அக்கால ஆங்கிலேய வழக்கப்படி, முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸும் பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸும் உண்டு. செயின் வீலில் ராலேயின் முத்திரையான நாரையின் தலைகள் மூன்று வெட்டப்பட்டிருக்கின்றன. மூன்று கியர்களை உள்ளடக்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்துப் பின் ஹப்பின் (சக்கர நடுப்பாகத்தின்) மீது ஏ.டபிள்யூ. என்ற மாடல் எழுத்துகளுடன் 54 என்ற எண் பதிந்திருக்கிறது; ஹப் செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண் அது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில், வெவ்வேறு ஆண்டுகளில் வீட்டிலேயே பிரஷ்ஷால் எனாமல் அடித்ததில், என் கைக்கு அது வந்தபோது மூன்று அடுக்குப் பூச்சு ஏறியிருந்தது; மேலே இருந்தது பச்சை. செயின் கவரைக் கழற்றிய அன்று, அது மறைத்திருந்த இடத்தில், பச்சை ஏறாமல் விட்டுப்போன விரல் நீளத்துக்கு, கறுப்பின் மேல் நூல் போல ஒரு பொன்னிறக் கோடு ஓடியதைப் பார்த்தேன். எழுபது ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் பிரஷ்ஷைப் பிடித்து ஒரே இழுப்பில் வரைந்த கோடு அது. அதைப் பார்த்த பிறகு அந்த வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதல் வழியாகிய காத்தலுக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அது கேட்கும் பொறுமை பெரிது. வீட்டில் அடித்த எனாமல் காற்றில் உலர்ந்தது, தொழிற்சாலைப் பூச்சோ சூட்டில் இறுகியது. ஆகவே பஞ்சில் தின்னரைத் தொட்டு உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் வைத்தால் மேலடுக்கு முதலில் இளகும், அடியிலுள்ள கறுப்பு சற்று நேரம் தாங்கும். அந்தச் சற்று நேரத்துக்குள் துடைத்துவிட வேண்டும். ராலே என்ற பெயரும் முத்திரையும் ஒட்டிய இடங்களுக்கு அருகில் தின்னரைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே மாடல் கட்டும்போது பயன்படுத்தும் மெல்லிய கத்தியின் அலகைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, உலர்ந்த பூச்சைச் செதில் செதிலாகக் கிளப்ப வேண்டும். என் வண்டிக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் ஏற்றது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 200 கிராம் வரை கரைத்து, துருப்பிடித்த பாகத்தை ஒரு நாள் ஊறவிட்டால், துரு கரைந்து எனாமல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். முதலில் வண்டியின் அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துவிட்டே இறங்க வேண்டும். கறுப்பு தாங்குவதைச் சிவப்பும் பச்சையும் எப்போதும் தாங்குவதில்லை. நாகப் பூச்சுள்ள வாளியும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது, பிளாஸ்டிக் தொட்டிதான் சரி. அமிலம் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை அணிந்து திறந்தவெளியில், குழந்தைகள் நெருங்காத இடத்தில் செய்ய வேண்டும். முடித்த பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவாவிட்டால் மஞ்சள் படலம் ஒன்று தங்கிவிடும். பூச்சு முற்றும் போய் வெறும் இரும்பு தெரியும் இடங்களில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து உலரவிட்டால் அது மங்கிய காப்பாக அமைகிறது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்து உலர்த்துங்கள். குவிந்து கிடந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

இரண்டாவது வழியாகிய ஸ்பிரே பெயின்ட்டின் பலம், வண்டி முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் வந்து நிற்பதுதான். பிரைமர், நிறம், கிளியர் எனும் நிறமற்ற மேல்பூச்சு என்று மூன்று நிலைகளையும் முறையாகச் செய்தால் கடற்கரை ஊரின் உப்புக் காற்றையும் அது பல ஆண்டுகள் தாங்கும். காத்துவைத்த பழைய பூச்சுக்கு அந்த வலிமை கிடையாது. சென்னை போன்ற ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கட்டாயமாக வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், மெழுகு தேய்க்காவிட்டால் துரு மீண்டும் தலைகாட்டும். தினமும் மழையிலும் வெயிலிலும் நிற்கப்போகிற வண்டி என்றால் இந்த வேறுபாட்டை இலேசாக ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவதாகிய பவுடர் கோட்டிங்கைத்தான் இன்று பலரும் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள், என் மனக்குறையும் அதன் மீதுதான். உறுதியில் அதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மணல் வீசிப் பழைய பூச்சை முழுவதும் எடுத்து, தூளை ஒட்டவைத்து, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூட்டில் உருக்கி இறுக்குகிறார்கள். பித்தளையால் பற்றவைத்த பழைய சட்டத்தின் இணைப்புகளுக்கு இந்தச் சூட்டால் கேடில்லை. சிக்கல் அதன் தடிமனில் இருக்கிறது. பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும் அந்தப் பூச்சு, குழாய்கள் சேரும் இணைப்பு வளைவுகளின் கூரிய ஓரங்களை உருட்டிவிடும். சீட்டுக் குழாய் அருகே பதிந்துள்ள வண்டி எண்ணை நிரப்பிவிடும்.

நண்பர் ஒருவருக்காக நான் மீட்டெடுத்த இன்னொரு ராலேயை ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். பெடல் அச்சு உட்காரும் குழாயின் மரைகளை மூடிவிட்டுச் செய்யும்படி எழுதியே கொடுத்தும், மூடாமல் செய்துவிட்டார்கள். மணலும் தூளும் அடைத்த மரையைச் சுத்தம் செய்கிறேன் என்று அங்கிருந்தவர் மரை வெட்டும் கருவியான டேப்பில் வழக்கமான 24 மரை அளவை உள்ளே விட்டார். பெரும்பாலான ஆங்கிலேய சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 மரை; பழைய ராலேயில் 26. அரை நிமிடத்தில் அறுபது ஆண்டு தேயாத மரை தின்னப்பட்டுவிட்டது. பெடல் அச்சைத் தாங்கும் பேரிங் கப் இன்று வரை அதில் இறுக்கமாக உட்காரவில்லை. ஆகவே யார் என்ன சொன்னாலும், பழைய ராலேயை வெளியே கொடுக்கும் முன் அந்தக் குழாயின் இரு வாய்களிலும் பழைய கப்புகளைத் திருகி அடைத்தே கொடுங்கள்; மரையை எவரும் தொடக் கூடாது என்று நேரில் நின்று சொல்லுங்கள்.

தடிமனைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கு மாடல் கார்கள் காரணம். 1/24 அளவில் ஒரு மாடலின் மீது பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் ஏறினால், அது அசல் காரில் 2.4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள கோடு மறைந்து, கார் சோப்புக் கட்டியைப் போல் ஆகிவிடும். ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனத்தின் கிட் ஒன்றைக் கட்டுபவர் முதலில் பழகுவது, மெல்லிய பூச்சாக அடித்து உலரவிட்டு மீண்டும் அடிப்பதைத்தான். சைக்கிளில் கேடு அவ்வளவு பெரிதாகத் தெரியாது என்றாலும், அந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு உருண்டுபோன ஓரம் உடனே பட்டுவிடுகிறது.

அதே சமயம், மாடல் கார்களில் நான் தயங்காமல் பழைய பூச்சை எடுத்துவிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ சிறுவயதில் பசையைக் கொட்டிக் கட்டிய பிளாஸ்டிக் கார் கிடைத்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முதலிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பூச்சு தொழிற்சாலை கொடுத்தது அன்று. பல கிட்டுகளின் அச்சும் இருக்கிறது, மறுபதிப்பும் வருகிறது. ஆனால் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் செய்த டிங்கி உலோகப் பொம்மைக் கார் கிடைத்தால் தொடமாட்டேன். அதன் பூச்சு தொழிற்சாலையிலேயே ஏறியது. சிராய்ப்புகளோடு இருக்கும் அசல் டிங்கியைச் சேகரிப்பவர்கள் மதிக்கிறார்கள், பளபளவென்று மறுபூச்சு கண்டதை ஒதுக்குகிறார்கள். சைக்கிள் இந்த வகையில் டிங்கியின் பக்கம் நிற்கிறது.

குரோம் பாகங்களில் முடிவு எளிது. அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், குரோமை விட மென்மையான அந்த உலோகம் கீறாமல் மேல் துருவை எடுத்துவிடும். ஹேண்டில்பாரில் பத்து நிமிடத்தில் வேறுபாடு தெரியும். முலாம் உரிந்து தகடாக எழும்பியிருந்தால் மட்டுமே மறுமுலாம். அப்போதும், முலாம் பூசுமுன் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றும்போது பதித்த எழுத்துகள் தேய்ந்து போகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காத்தலிலும் சற்றே பெயின்ட் வேலை உண்டு, அங்கேதான் மாடல் கட்டும் கை உதவுகிறது. உதிர்ந்த இடங்களில் 000 எண் பிரஷ்ஷால் கறுப்பு எனாமலைப் புள்ளி புள்ளியாக வைத்து, உலர்ந்ததும் மாடலுக்கான மெருகுப் பசையால் தேய்த்தால், பழைய பளபளப்போடு அது கலந்துவிடுகிறது. பொன்னிறக் கோடு விட்டுப்போன இடத்தை மறைப்பு நாடா ஒட்டி நிரப்பலாம். கோடு சற்றே நடுங்கும், அதைப் பழைய கோட்டோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும் என்று நான் கவலைப்படுவதில்லை. எது அசல், எது என் வேலை என்று அருகில் வந்து பார்ப்பவருக்குத் தெரிவது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லா வண்டியையும் காக்க முடியாது. முன்னரே ஒருவர் மணல் வீசி அசலை அழித்துவிட்ட வண்டி, துரு குழாயை அரித்து ஓட்டை விழுந்து பற்றவைக்க வேண்டிய வண்டி, தினமும் வேலைக்குப் போகப் பயன்படப்போகிற வண்டி ஆகிய மூன்றுக்கும் நான் ஸ்பிரே பெயின்ட்டைத்தான் சொல்வேன். பவுடர் கோட்டிங்கைச் சுமைக்காக ஓடும் பிற்காலத்து வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரே என்று முடிவு செய்தாலும் நாரை முத்திரைத் தகட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், வண்டி எண்ணை ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், செயின் கவருக்குப் பின்னால் உள்ளங்கையளவு இடத்தில் நாடாவை ஒட்டி அசல் பூச்சை அப்படியே விட்டுவையுங்கள். பெரியப்பா வண்டியில் எனக்குப் பொற்கோடு கிடைத்த இடம் அதுதான். கவரைப் பூட்டிவிட்டால் அது வெளியே தெரியாது.